பேடி டாக்டர் குழுவுக்கு ஒரு உரக்கடைக்காரனோட திறந்த மடல்

அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டருக்கு நெல் நோயை அடையாளம் காணக் கத்துக்கொடுக்கப் படங்களைச் சேகரிச்சு பேடி டாக்டர்னு டேட்டாசெட் (படத் தொகுப்பு) போட்ட ஆராய்ச்சிக் குழுவுக்கும், அதை வெச்சு இன்னைக்கு வரைக்கும் பேப்பர் எழுதிட்டு இருக்குற மத்த காலேஜ் பசங்க, புரொபசர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கன்னடியன் கால்வாய் பாசனப் பக்கம் உரம், பூச்சிமருந்துக் கடை வெச்சிருக்கேன். அக்ரி படிச்சிட்டு அப்பா கடையிலயே உக்காந்துட்டேன். பைத்தான் புரோகிராமிங் கொஞ்சம் தெரியும், அதாவது அடுத்தவன் எழுதின கோடு நோட்புக்கை ரன் பண்ணி, எர்ரர் வந்தா கூகிள்ல தேடுற அளவுக்கு. உங்க டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணி படம் படமா தள்ளிப் பாத்திருக்கேன், படங்களோட விவரப் பட்டியல் இருக்குற அந்த சிஎஸ்வி ஃபைலையும் பாத்திருக்கேன். அதனால சும்மா வரப்புல நின்னுக்கிட்டு குறை சொல்ற ஆள்னு நினைச்சுடாதீங்க சார்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். எந்த இன்ஜினியரிங் காலேஜ் புராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் "இலை நோய் கண்டுபிடிப்பு"ன்னு ஒரு ஸ்டால் கண்டிப்பா இருக்கும், லேப்டாப்புல 99 பர்சென்ட்னு ஒரு கிராஃப் ஓடிட்டு இருக்கும், என்ன டேட்டா தம்பின்னு கேட்டா பிளான்ட்வில்லேஜ் அண்ணேன்னு வரும். அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி பக்கம் ஆரம்பிச்சது அது, 54,306 படம், 14 பயிர், 38 வகை. 2016ல அதை வெச்சு வந்த பேப்பர்ல 99.35 சதவீதம் சரியா வந்துச்சு. ஆனா அதே பேப்பர்லயே, வேற இடத்துல வேற மாதிரி எடுத்த படங்களைக் கொடுத்தப்ப 31 சதவீதத்துக்கு வந்துட்டுன்னும் அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, அந்த வரியை மட்டும் நம்ம பசங்க பிபிடியில போடுறதே இல்ல. இலையைப் பறிச்சு ஒரே கலர் அட்டை மேல வெச்சு எடுத்த படம் அதெல்லாம், வயல்ல எவன் அட்டை விரிச்சு வெச்சிருக்கான்? 2022ல ஒருத்தர் அந்தப் படங்கள்ல பேக்ரவுண்டுல இருந்து வெறும் 8 பிக்சலை மட்டும் எடுத்து, இலையையே காட்டாம ஒரு மாடலுக்கு (படம் பாத்துப் பழகுன புரோகிராமுக்கு) கொடுத்தாரு, அது 49 சதவீதம் சரியாச் சொல்லிடுச்சு. குருட்டாம்போக்குல சொன்னா 2.6 தான் வரணும். அப்ப மாடல் படிச்சது நோயையா அட்டையையான்னு நீங்களே சொல்லுங்க. இதுல பெரிய கூத்து என்னன்னா அந்த 14 பயிர்ல நெல்லே கிடையாது. ஆப்பிள், திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, தக்காளின்னு இருக்கும், அதை வெச்சு "தமிழ்நாட்டு விவசாயிகளுக்கான தீர்வு"ன்னு பேனர் அடிச்சிருப்பாங்க.

நீங்க அப்படிப் பண்ணல. சேத்துல இறங்கி, வெயில்ல, பின்னாடி பத்து இலை குறுக்க ஓட, நம்ம திருநெல்வேலி மாவட்டத்து வயல்லயே போனை வெச்சு எடுத்திருக்கீங்க. 2022ல கேகிள்ங்கற ஆன்லைன் தளத்துல போட்டி நடத்துனீங்க, டிரெயினிங்குக்கு 10,407 படம், டெஸ்டுக்கு 3,469. குலைநோய் 1,738, முள்ளுவண்டு 1,594, துங்ரோ வைரஸ் நோய் 1,088, நல்ல பயிர் 1,764ன்னு மொத்தம் 10 வகையா லேபிளோட. ஃபாஸ்ட் ஏஐன்னு ஆன்லைன்ல ஏஐ பாடம் நடத்துற ஜெரமி ஹோவர்டே அதை எடுத்து அவரோட கோர்ஸ்ல பாடம் நடத்துனாரு, எங்கெங்கயோ இருக்குற ஆளுங்க ராத்திரி முழிச்சிருந்து நம்ம ஊர் நெல் இலையைப் பாத்து மாடல் டியூன் பண்ணாங்க, 98 சதவீதத்துக்கு மேல போனாங்க. அப்புறம் 16,225 படம், 13 வகைன்னு இன்னும் பெருசாவும் போட்டிருக்கீங்க. உள்ளூர்க்காரனா எனக்கு இதுல பெருமைதான், சந்தேகமே இல்ல.

சரி, இப்ப கடைக்கு வாங்க.

காலையில கடை திறந்ததும் ஒருத்தர் வருவாரு, கையில நாலு இலை, இல்லன்னா போன்ல ஆடிப்போன ஒரு படம். "அண்ணாச்சி, இதுக்கு என்ன மருந்து?" இதுதான் கேள்வி. இது என்ன நோய்னு யாரும் கேக்குறதில்ல, என்ன மருந்துன்னுதான் கேப்பாங்க. நான் உடனே இலையைப் பாக்க மாட்டேன், எந்த ரகம், நட்டு எத்தனை நாளு, மேலுரம் எப்ப போட்டீங்க, யூரியா எவ்வளவு, தண்ணி கட்டி நிக்குதா காய விட்டீங்களா, வயல் பூராவா இல்ல திட்டுத் திட்டாவா, பக்கத்து வயல்ல இருக்கா, இவ்வளவும் கேட்ட பிறகுதான் இலையைக் கையில வாங்குவேன். பாதி நேரம் இலையைப் பாக்குறதுக்கு முன்னாடியே பதில் தெரிஞ்சிடும். திட்டுத் திட்டா குட்டையா மஞ்சளா நிக்குதுன்னா ஒரு வழி, மடை பக்கம் மட்டும் இருந்தா வேற வழி, வயல் பூரா ஒரே சீரா இருந்தா அது நோயா இருக்கவே வாய்ப்பு கம்மி, சத்துக் குறையாத்தான் இருக்கும்.

உங்க சிஎஸ்வியில ரகமும் பயிர் வயசும் இருக்குறதைப் பாத்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம், யாரோ விவரம் தெரிஞ்ச ஆள்தான் அந்த ரெண்டு தகவலையும் போடச் சொல்லியிருக்கணும். ஆனா அதை வெச்சு மத்தவங்க என்ன பண்ணாங்க? பெரும்பாலானவங்க தொடவே இல்ல. ஹோவர்ட் ஒரு நோட்புக்ல நோயையும் ரகத்தையும் சேத்து படத்துல இருந்தே கண்டுபிடிக்கிற மாதிரி பண்ணியிருந்தாரு, நல்ல வித்தை, மாடல் நல்லா படிக்கவும் அது உதவும்தான். ஆனா ரகம் என்னன்னு விதை வாங்குனவருக்குத் தெரியாதா சார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. ரகத்தையும் வயசையும் மாடலுக்கு இன்புட்டா கொடுங்க, அதுகிட்டயிருந்து வாங்காதீங்க.

ரகம்னதும் இன்னொண்ணு. அந்த 10,407ல 6,992 படம் ஏடிடி 45. மூணுல ரெண்டு பங்கு ஒரே ரகம். மிச்சம் கர்நாடகா பொன்னி, பொன்னி, அட்சயா பொன்னின்னு போகுது, ஐஆர் 20 வெறும் 114. நம்ம அம்பை ஆராய்ச்சி நிலையத்துல பொறந்த அம்பை 16, இட்லிக்குன்னு இன்னைக்கும் தேடி வாங்குற நெல்லு, பட்டியல்லயே இல்ல. குண்டு நெல்லுன்னு ஒதுக்கிட்டீங்களா? சும்மா கேட்டேன், நீங்க போன வயல்ல அந்த நேரத்துல என்ன நின்னுச்சோ அதைத்தானே எடுக்க முடியும், அது எனக்கும் புரியுது. ஆனா இலை அகலம், பச்சையோட அழுத்தம், குலைநோய் பிடிக்கிற விதம் எல்லாமே ரகத்துக்கு ரகம் மாறும். பயிர் வயசும் 45ல இருந்து 82 நாள் வரைக்கும்தான் இருக்கு. நாத்தங்கால்லயும் நட்டு முதல் ரெண்டு மூணு வாரத்துலயும் வர்ற பிரச்சினை எதுவும் அதுல அவ்வளவா வராது, எங்க கடையில கூட்டம் அம்முறதே அப்பத்தான்.

அந்த நேரத்துல என்ன வரும்னா துத்தநாகச் சத்துக் குறைபாடு. நட்டு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள அடி இலையில துரு மாதிரி பழுப்புப் பொட்டு விழும், பயிர் எந்திரிக்காம அப்படியே குட்டையா நிக்கும். பாக்குறவங்களுக்கு நோய் மாதிரியே இருக்கும். உங்க 10 வகையில சத்துக் குறைபாடு ஒண்ணுகூட கிடையாது, 13லயும் கிடையாது. இப்ப அந்த இலைப் படத்தை உங்க டேட்டாவுல டிரெயின் பண்ண மாடல்கிட்ட கொடுத்தா அதுக்கு வேற வழியே இல்ல, இருக்குற 10 பெட்டியில ஏதாவது ஒண்ணுல போட்டே ஆகணும். மாடல் கடைசியில பதிலை முடிவு பண்ற சாஃப்ட்மேக்ஸோட கணக்கே அப்படி, எல்லாத்தையும் கூட்டினா 100 வரணும். எங்க கடைப் பூனையைப் படம் எடுத்துக் கொடுத்தாலும் அதுக்கு ஒரு நெல் நோய் பேரைச் சொல்லத்தான் செய்யும். துத்தநாகம் பத்தாத இலையை செம்புள்ளின்னோ துங்ரோன்னோ சொல்லிடுச்சுன்னா, அந்த மனுஷன் வந்து பூஞ்சாண மருந்தோ பூச்சி மருந்தோ கேப்பாரு, நானும் கொடுப்பேன், டேங்க் கணக்குல கூலி வேற, பத்து நாள் கழிச்சும் பயிர் அப்படியே நிக்கும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து வீசியிருந்தா முடிஞ்சிருக்குற விஷயம்.

பாருங்க, மருந்து விக்கிறவன் நான். மாடல் தப்பா நோய் பேரைச் சொன்னா எனக்கு வியாபாரம்தான், ஜிங்க் சல்பேட்ல என்ன லாபம் நிக்கப் போகுது. ஆனா அடுத்த பூ சாகுபடிக்கும் அவரு என் கடைக்குத்தானே வரணும், கடன் நோட்டுல அவர் பேரு இருக்குல்ல.

அதனால முதல் வேண்டுகோள், அந்த 10 வகையோட "தெரியலை"ன்னு ஒரு பதிலைச் சேருங்க. சேத்து அதையும் அளந்து பேப்பர்ல போடுங்க. எத்தனை சரியாச் சொல்லுச்சுங்கற கணக்கோட, தெரியாத இடத்துல எத்தனை தடவை வாயை மூடிட்டு இருந்துச்சுன்னும் ஒரு கணக்கு வேணும். நல்ல டாக்டர் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி, இது தெரியலை, அடி இலையை ஒண்ணு எடு, வேரைப் புடுங்கி ஒண்ணு எடுன்னு ஆப் திருப்பிக் கேக்கணும்.

ஏன்னா இலையை மட்டும் பாத்துச் சொல்ல முடியாத சமாச்சாரம் நெல்லுல நிறைய இருக்கு. குருத்துப்பூச்சி விழுந்து நடுக்குருத்து காய்ஞ்சதா, இல்ல தண்ணி இல்லாம காய்ஞ்சதான்னு எப்படிப் பாப்போம்? அந்த நடுக்குருத்தைப் பிடிச்சு இழுப்போம். புழு தின்னதுன்னா நோகாம கையோட வந்துடும், அடியில கடிச்ச தடம் தெரியும். கேமரா இழுக்காது சார். பாக்டீரியா இலைக்கருகல்னு சந்தேகம் வந்தா இலையை ஒரு துண்டு வெட்டி கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுல நிறுத்தி வெச்சா கொஞ்ச நேரத்துல வெட்டுன இடத்துல இருந்து பால் மாதிரி கசியும், வெறுமனே நுனி காய்ஞ்ச இலையில கசியாது. இந்த ரெண்டுக்குமே செலவு பத்து பைசா கிடையாது. ஆப்ல படம் எடுத்ததும் முடிஞ்சுதுன்னு விடாம, "இழுத்துப் பாருங்க, வந்துச்சா?"ன்னு ஒரு கேள்வி போட்டா உங்க 1,442 நடுக்குருத்துப் படம் பண்ற வேலையை அந்த ஒத்தைக் கேள்வியே முக்கால்வாசி பண்ணிடும்.

புகையான் பூச்சி கதையைச் சொல்லியே ஆகணும். உங்க வகையில அதுவும் இல்ல, இருந்தாலும் இலைப் படத்துல அது அகப்படாது. அது இலையில உக்காராது, தூர் அடியில, தண்ணி மட்டத்துக்கு ஒட்டுனாப்புல கூட்டமா உக்காந்து சாறை உறிஞ்சும். மேல இருந்து பாத்தா பயிர் பச்சைப் பசேல்னு நிக்கும், குனிஞ்சு குத்தை விலக்கிப் பாத்தாத்தான் தெரியும். இலையில தெரியுற நேரத்துக்கு வயல்ல வட்டம் வட்டமா தீய்ஞ்சு போயிருக்கும், அதுக்கப்புறம் படம் எடுத்து என்ன பிரயோசனம். அதுலயும் என்ன கொடுமைன்னா, இலைச்சுருட்டுப்புழுன்னு பயந்து சிந்தெட்டிக் பைரித்ராய்டு மருந்தை ஒருத்தர் முன்னாடியே அடிச்சிருந்தாருன்னா சிலந்தி, நல்ல பூச்சியெல்லாம் செத்துப்போயி புகையான் ரெண்டு மடங்கா வரும். அதாவது ஒரு சின்ன நோய்க்கு ஆப் சொன்ன பேரு சரியாவே இருந்தாலும், அதுக்கு அடிச்ச மருந்து இன்னொரு பெரிய வினையை இழுத்துட்டு வரும். அதனால அடுத்த சேகரிப்புல தயவுசெஞ்சு தூர் அடிப் படம் எடுங்க. குனியணும், இடுப்பு வலிக்கும், போன் தண்ணியில விழும். இருந்தாலும் எடுங்க.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடம். இலைக்குப் பேர் வெக்கிறது வேலையில பாதிகூட இல்ல. அடிக்கணுமா வேண்டாமா, அதுதான் கேள்வி. குருத்துப்பூச்சிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற பொருளாதார சேதநிலை, வளர்ச்சிப் பருவத்துல 10 சதவீதம் நடுக்குருத்து காய்ஞ்சிருந்தாத்தான் மருந்து. அதுக்குக் கீழ இருந்தா பயிரே புதுத் தூர் விட்டு சரிக்கட்டிக்கும். உங்க மாடல் ஒத்தை இலையைப் பாத்து நடுக்குருத்து காய்ஞ்சிருக்குன்னு சரியாவே சொல்லுதுன்னு வைங்க, 98 சதவீதம்னே வைங்க. அது அந்த வயல்ல 2 சதவீதமா 20 சதவீதமான்னு சொல்லுமா? சொல்லாது. அப்ப என்ன ஆகும், நோய் இருக்குன்னு போன் சொல்லிடுச்சேன்னு வந்து நிப்பாரு, எந்த விவசாயியும் நோய் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு மருந்து அடிக்காம வீட்டுக்குப் போக மாட்டாரு. நீங்க பூச்சிமருந்தைக் குறைக்கணும்னுதான் ஆரம்பிச்சிருப்பீங்க, உங்க ஆப் நல்லா வேலை செஞ்சாலே மருந்து கூடத்தான் போகும்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. பிளான்ட்வில்லேஜ் ஆளுங்களே ஆப்பிரிக்காவுல மரவள்ளிக்கு நூரூன்னு ஒரு ஆப் பண்ணாங்க, நெட் இல்லாமலே போன்ல ஓடும். அதை வயல்ல சோதிச்சு 2020ல எழுதுனதைப் படிச்சுப் பாருங்க, ஆப் 65 சதவீதம், விரிவாக்கப் பணியாளர்கள் 40ல இருந்து 58, விவசாயிங்க 18ல இருந்து 31. அதுல இருந்து ஒண்ணு தெரியுது, எங்கள மாதிரி ஆளுங்க கண்ணும் ஒண்ணும் பெரிசாக் கிழிக்கல, அதை நான் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு செடியில ஆறு இலையைக் காட்டச் சொன்னப்ப அதே ஆப் 74க்கும் 88க்கும் நடுவுல போற அளவுக்கு ஏறிடுச்சு. புதுசா மாடல் எதுவும் பெருசாக்கல, இன்னும் அஞ்சு இலை காட்டச் சொன்னாங்க, அவ்வளவுதான். நீங்களும் அதே மாதிரி, வயல்ல குறுக்க நடந்து இத்தனை குத்துல படம் எடுன்னு சொல்லி, எத்தனைல இருக்கு எத்தனைல இல்லன்னு எண்ணி, சேதநிலைக்கு மேலயா கீழயான்னு சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணுங்க. "இருக்கு, ஆனா இப்ப அடிக்க வேண்டாம், அஞ்சு நாள் கழிச்சு திரும்ப எண்ணிப் பாரு"ன்னு ஒரு போன் சொல்லுச்சுன்னா அதுதான் எனக்கு உண்மையான ஏஐ. நான் சொன்னா மருந்து ஸ்டாக் இல்ல போலன்னு நினைச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

சோதிக்கிறதைப் பத்தியும் ஒண்ணு கேக்கணும். 75 சதவீதம் டிரெயின், 25 சதவீதம் டெஸ்ட், ரெண்டும் ஒரே சேகரிப்புல இருந்து பிரிச்சது. போட்டிக்கு அது சரிதான். ஆனா ஒரே வரப்புல அடுத்தடுத்து நின்ன ரெண்டு குத்துல ஒண்ணு டிரெயின்லயும் ஒண்ணு டெஸ்ட்லயும் போயிடுச்சுன்னா அது பரீட்சையே இல்லையே, கேள்வித்தாளை முன்னாடியே பாத்த மாதிரிதான். பிசானப் பருவத்துல டிரெயின் பண்ணி கார் பருவத்துல டெஸ்ட் பண்ணுங்க, அம்பாசமுத்திரத்துல டிரெயின் பண்ணி தஞ்சாவூர் குறுவையில டெஸ்ட் பண்ணுங்க. 98 வராது, 70 வரும், 60கூட வரலாம். அந்த 60ஐ வெக்கப்படாம போடுங்க, எங்களுக்கு அதுதான் வேணும். அப்பத்தான் எந்த அளவுக்கு நம்பலாம்னு தெரியும்.

மருந்துப் பரிந்துரை பக்கம் மட்டும் தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. உங்க டேட்டாவை எடுத்து ஆப் பண்ற பசங்க எங்கயோ பழைய பக்கத்துல இருந்து நோய்க்கு ஒரு மருந்துன்னு டேபிளை காப்பி அடிச்சுப் போடுறாங்க. பாக்டீரியா கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலவைன்னு இன்னமும் சில இடத்துல கிடக்கு. விவசாயத்துல அந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தணும்னு மத்திய அரசு 2021லயே வரைவு உத்தரவு போட்டு, 2024 ஜனவரியில இருந்து முழுசா தடைன்னு அதுல சொல்லியிருந்துச்சு. அதை ஆப்ல காட்டுனா விவசாயி என்கிட்ட வந்து கேப்பாரு, இல்லன்னு சொன்னா என்கூட சண்டைக்கு நிப்பாரு. மருந்து பேரு போட்டே ஆகணும்னா யாரு, எந்தத் தேதியில சரிபாத்தாங்கன்னு பக்கத்துலயே போடுங்க. அப்புறம் மருந்து கம்பெனிக்காரங்க ஸ்பான்சர் பண்றேன்னு வருவாங்க, கண்டிப்பா வருவாங்க, எங்க கடைக்கு டூர் பேக்கேஜ் கொடுக்குற அதே ஆளுங்கதான். அவங்க காசை வாங்கிட்டு நோய் பேருக்குக் கீழ "இங்கே வாங்கவும்"னு ஒரு பட்டன் வெச்சுடாதீங்க.

நான் என்ன தர முடியும்னும் சொல்லிடுறேன். கடை வாட்ஸ்அப்ல வர்ற படம் எக்கச்சக்கமா கிடக்கு, ஆடினது, மங்கினது, பாதி விரல் மறைச்சது, ராத்திரி டார்ச் அடிச்சு எடுத்தது. உங்க 640க்கு 480 சுத்தமான படம் மாதிரி இருக்காது, ஆனா நிஜத்துல மாடலுக்கு வரப்போறது இதுதான். அனுப்புனவங்ககிட்ட ஒவ்வொருத்தரா அனுமதி கேட்டு, பேரு நம்பரை எடுத்துட்டு, ரகம், நடவு நாள், போட்ட உரம், கடைசியில என்னவா இருந்துச்சுங்கறது வரைக்கும் நான் எழுதித் தர்றேன். லேபிள்ல எனக்கும் வேளாண் அலுவலருக்கும் ஒத்துப்போகலன்னா ரெண்டையும் போட்டுக்கோங்க, அதுவும் ஒரு தகவல்தானே.

பிசானம் நடவு முடிஞ்சு மூணாவது வாரத்துல ஒரு நாள் உங்க பசங்க ரெண்டு பேரை அனுப்புங்க. காலையில ஏழு மணிக்கெல்லாம் கடைக்கு வந்துடணும், பத்து மணிக்கு மேல யாரும் இலையைக் கொண்டாந்து காட்ட மாட்டாங்க, வெயிலுக்குள்ள வயல் வேலையை முடிக்கப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், நாலஞ்சு வயல் சுத்திப் பாக்கலாம். செருப்பைக் கழட்டிட்டு இறங்குற பசங்களா பாத்து அனுப்புங்க.